பயில்வானுக்கு எழுதிய இரங்கல்

எங்கள் குடும்பத்தில் என் சகலையை யாரும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. நிபுணர் என்றுதான் சொல்வோம். முதன்முதலில் அப்படிச் சொன்னவள் என் மனைவி, அதுவும் கேலியாக. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தன் பெயருக்குப் பக்கத்தில் அதையே போட்டுக்கொண்டார். கேலி என்றால் கொஞ்சமாவது உறைக்க வேண்டும். உறைக்காத மனிதரிடம் போய் எதைச் சொல்ல?

அவருக்கு வேலை டைல்ஸ் கடையில். நான்கு மாடிக் கடை. குழாய் இணைக்காத வாஷ்பேசின்களும், யாரும் உட்காராத கம்மோடுகளும் வரிசையாக நிற்கும் இரண்டாவது மாடிக்கு அவர்தான் மேலாளர். புது வீடு கட்டுகிற கணவன் மனைவி உள்ளே நுழைந்தால் போதும், ஒரு டைல்ஸைக் கவிழ்த்து அதன் முதுகில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது எவ்வளவு நேரத்தில் உறிஞ்சும் என்பதில் ஆரம்பித்து, மனிதனின் குதிகால் வெடிப்பு வரை போய்விடுவார். வந்தவர்கள் மயங்கி வாங்கிவிடுவார்கள். அந்தப் பேச்சு அவருக்குச் சோறு போடுகிறது, அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றுகிற மாதிரி அந்தப் பேச்சையும் கழற்றி மாட்ட வேண்டாமா? அது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

வருஷத்துக்கு ஒரு பைத்தியம் பிடிக்கும். ஒரு வருஷம் தொலைநோக்கி. எதிர்க் கட்டடத்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைத் தவிர வேறு எதையும் அவர் அதில் பார்த்ததாக எனக்குத் தெரியாது. ஆனால் சனிக் கிரகத்தின் வளையத்தைப் பற்றி மூன்று ஞாயிற்றுக்கிழமை பேசினார். மறு வருஷம் குளியலறையில் காளான். காளான் வரவில்லை, கரும்பூஞ்சை வந்தது. சுவர் முழுக்கப் படர்ந்ததை அக்காதான் முட்டி போட்டுத் தேய்த்துக் கழுவினார். பூஞ்சை ஏன் நல்லது என்று இவர் வாசற்படியில் நின்று விளக்கிக்கொண்டிருந்தார்.

அக்கா என்பது நிபுணரின் மனைவி, என் மனைவியின் கூடப் பிறந்த அக்கா. அவள் கூப்பிடுவதைக் கேட்டு நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்கிறார்களே, அந்த டயாலிசிஸ் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக டெக்னீஷியன். காலை ஆறரை மணிக்கு முதல் நோயாளியைப் படுக்க வைக்கும் முன் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். குளோரின் கொஞ்சம் தப்பி உள்ளே போனாலும் படுத்திருப்பவரின் இரத்தம் கெட்டுப்போகும். உப்பின் அளவு பிசகினாலும் ஆபத்து. எட்டு இயந்திரம், எட்டுக் கட்டில், ஒரு நாளைக்கு மூன்று சுற்று. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை என்று அங்கேயுள்ள பெரிய நர்ஸ் என்னிடம் சொல்லியிருக்கிறார். அக்கா தன் வாயால் இதையெல்லாம் சொல்ல மாட்டார். இப்படிப்பட்டவருக்குத்தான் தண்ணீரையும் உப்பையும் பற்றி நிபுணர் பாடம் எடுத்தார். அந்தக் கூத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

டைல்ஸ் கடைக்கு இரண்டு கடை தள்ளி ஒரு வண்ண மீன் கடை இருக்கிறது. அங்கே ஒரு நாள் சின்னச் சின்ன நண்டுகளைப் பார்த்திருக்கிறார். உடம்பு ஒரு பெரிய சட்டைப் பித்தான் அளவுதான். ஆணுக்கு ஒரு கை மட்டும் உடம்பைவிடப் பெரிதாக, முன்னால் கேடயம் பிடித்த மாதிரி இருக்கும். அதைத் தூக்கித் தூக்கி ஆட்டும். பிடில் வாசிப்பது போல இருப்பதால் பிடில் நண்டு என்கிறார்கள். கடலும் ஆறும் சேர்கிற சேற்றில் வளைதோண்டி வாழ்கிற ஜீவன். பாதி நாள் கரையில் திரியும், பாதி நாள் ஈரத்தில் கிடக்கும். அந்தக் கடைக்காரர் அவற்றை நல்ல தண்ணீர்த் தொட்டியில் முழுகும்படி போட்டு வைத்திருந்தார். எல்லா நண்டும் காற்றுக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, தண்ணீருக்கு வெளியே வர முண்டிக்கொண்டிருந்தன. நிபுணர் அதைச் சுறுசுறுப்பு என்று நினைத்தார்.

நான்கு வாங்கினார். மூன்று ஆண், ஒரு பெண். பெண்ணுக்கு இரண்டு கையும் சின்னதாகத்தான் இருக்கும். அது தெரியாமல், இது ஊனமான நண்டு, விலையைக் குறையுங்கள் என்று வாதாடியிருக்கிறார். கடைக்காரரும் ஆமாம் ஊனம்தான் என்று குறைத்துக் கொடுத்திருக்கிறார். அறிவாளிகள் இரண்டு பேர் சந்தித்தால் வியாபாரம் இப்படித்தான் நடக்கும்.

வீட்டுக் கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில் தொட்டி வந்தது. நீலக் கூழாங்கல், பிளாஸ்டிக் கோட்டை, கழுத்து வரை குழாய்த் தண்ணீர். நண்டுகள் நான்கும் கோட்டை உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டன. மூன்றாம் நாள் ஒன்று செத்தது. ஐந்தாம் நாள் இன்னொன்று. முதல் நண்டுக்குப் பிறவிக் கோளாறு, இரண்டாவதற்கு மன அழுத்தம் என்று தீர்ப்புச் சொன்னார்.

அதற்குள் அக்காவுக்கு வார விடுமுறை வந்தது. நிபுணர் கடைக்குப் போனபிறகு அக்கா தொட்டியைக் காலி செய்தார். நீலக் கல்லையும் கோட்டையையும் தூக்கிப் பரணில் போட்டார். மெல்லிய மணலைக் கழுவி, ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் சரிவாகவும் பரப்பினார். குளோரின் போன தண்ணீரில், கடல் மீன் தொட்டிக்கென்று விற்கிற உப்பை எடை போட்டுக் கலந்து, சரிவில் மட்டும் நாலு விரல் ஆழத்துக்கு விட்டார். ஒளிந்துகொள்ள ஒரு தட்டைக் கல், மேலே வலை மூடி. மிச்சமிருந்த ஒரு ஆணும் ஒரு பெண்ணும் மணலில் இறங்கி, அரை மணி நேரம் அப்படியே நின்றனவாம். பிறகு சாப்பிட ஆரம்பித்தன. சின்னக் கையால் மணலை அள்ளி வாயில் வைத்து, அதிலிருக்கும் சத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கடுகு அளவு உருண்டையாக உருட்டித் துப்பும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது மணல் முழுக்கக் கோலப்புள்ளி வைத்த மாதிரி உருண்டைகள். பொய் சொல்வானேன், நானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா தொட்டியை மாற்றிய அன்று சாயங்காலம் அதைப் பார்த்ததும் நிபுணர் சொன்னது, “இதைத்தான் நான் அடுத்த வாரம் பண்ணலாம்னு இருந்தேன்.”

பத்து நாளில் ஃபேஸ்புக்கில் நண்டுக்கென்று ஒரு பக்கம் ஆரம்பித்துவிட்டார். ‘கரை இல்லாத நண்டும் கூரை இல்லாத மனிதனும் ஒன்று’ என்பது முதல் பதிவு. நான் கரை அமைத்தேன், நான் உப்பை அளந்தேன், நான் அவற்றின் கண்ணில் நன்றியைக் கண்டேன். இப்படியே நூற்றுக்கு மேல் பதிவுகள். ஒரே ஒரு வீடியோவில் அக்கா வருகிறார். முகம் இல்லை, தண்ணீர் ஊற்றுகிற கை மட்டும். வளையலைப் பார்த்துத்தான் என் மனைவி கண்டுபிடித்தாள்.

ஆண் நண்டுக்குப் பயில்வான் என்று பெயர் வைத்தார். பெண்ணுக்கு வைக்கவில்லை. பயில்வானுக்கு ரசிகர்கள் சேர்ந்தார்கள். டிவி போட்டால் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கையை ஆட்டும். அதை வீடியோ எடுத்து, ‘செய்திக்குப் பயில்வானின் எதிர்வினை’ என்று போடுவார். பல்லாயிரம் பேர் பார்த்தார்கள். உலகத்தில் வேலை இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு புதன்கிழமை, டைல்ஸ் கடைக்கு வார விடுமுறை. அக்கா விடிவதற்குள் வேலைக்குப் போய்விட்டார். ஒன்பது மணிக்கு எழுந்து வந்த நிபுணர், தண்ணீர் ஓரத்தில் பயில்வான் ஒருக்களித்துக் கிடப்பதைப் பார்த்தார். அசைவில்லை. பென்சிலால் தொட்டார், புரண்டது. ஒன்பதே காலுக்குப் புகைப்படம் போட்டாகிவிட்டது. பத்து மணிக்குள் இரங்கல் கட்டுரையும் வந்துவிட்டது. நான் என் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவருக்குப் பவர் பார்த்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி விடாமல் துடித்தது. எடுத்துப் பார்த்தேன். ‘அவன் எனக்கு வெறும் நண்டு அல்ல’ என்று ஆரம்பித்து மூன்று பக்கம். சாவுக்குக் காரணம் முதுமையும், சொல்ல முடியாத ஏக்கமும். பெற்ற அப்பா இறந்தபோது இவர் நான்கு வரி எழுதினார், அதிலும் ஒரு வரி காரியம் நடக்கிற மண்டபத்து விலாசம்.

சாயங்காலம் என் மனைவி, “வாங்க, துக்கம் விசாரிச்சிட்டு வந்துடலாம். அத்தான் மூஞ்சியைப் பார்க்கணும் எனக்கு,” என்றாள். போனோம்.

சாப்பாட்டு மேஜையில், டைல்ஸ் சாம்பிள் வைத்துக் கொடுக்கிற அட்டைப் பெட்டியில் பஞ்சு விரித்து, அதில் பயில்வானைப் படுக்க வைத்திருந்தார். அக்கா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு வந்தார். பெட்டியைப் பார்த்தார். நண்டை இரண்டு விரலால் எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு திருப்பி, முதுகுப் பக்கத்தை எங்களுக்குக் காட்டினார். முதுகு ஓட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே பின்பக்கம் டப்பா மூடி மாதிரித் திறந்திருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

“இது சாகலை. ஓடு கழட்டியிருக்கு. செத்த நண்டுன்னா இந்நேரம் வீடே நாறும். இதுல வாடையே இல்லை, காத்து மாதிரி இருக்கு. அது உள்ளதான் எங்கேயோ ஒளிஞ்சிருக்கும்,” என்றார் அக்கா.

நிபுணர் சிரித்தார். ஒன்றும் தெரியாத வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கிற அதே சிரிப்பு.

“நீ மனுஷங்களுக்கு ஊசி குத்துறவ. நண்டைப் பத்தி எனக்குச் சொல்லித் தராதே. கண்ணு இருக்கு, காலு இருக்கு, மீசைகூட இருக்கு. இது ஓடா?”

“கண்ணு மேல இருக்கிற ஓடும் சேர்ந்துதான் கழலும். இதைத் திரும்பத் தொட்டியில போட்டுடுங்க. உடம்பு இறுகறதுக்கு அதைத்தான் கொஞ்சம் கொஞ்சமா தின்னும்.”

தன் அன்பு நண்பனின் உடலைத் தின்னக் கொடுக்கச் சொல்கிறாயா என்று கேட்டுவிட்டு அவர் பெட்டியை மூடினார். பால்கனிப் பூந்தொட்டியில் குழி தோண்டிப் புதைத்தார். வீடியோவை என்னைத்தான் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது என் மனைவி, “காலம் பூரா ஓடு விக்கிறாரு, ஒரு ஓட்டைப் பார்த்து ஓடுன்னு தெரியலையே,” என்று சொல்லி, நடுத்தெருவில் நின்று கண்ணீர் வரச் சிரித்தாள்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நண்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமே என்று கணவாய் மீனின் ஓட்டைத் தட்டித் தூளாக்கித் தொட்டியின் மூலையில் வைத்தார். கல்லைப் புரட்டவில்லை. ஓடு கழற்றிய நண்டு பஞ்சு மாதிரி இருக்கும், தொட்டாலே போய்விடும் என்று வலைமூடியின் மேல் ஒரு துணியைப் போட்டு இருட்டாக்கிவிட்டு, ஒரு வாரம் காத்திருக்கலாம் என்றார்.

அடுத்த ஆறு நாளில் இரங்கல் ஊர் சுற்றியது. முன்பின் தெரியாதவர்கள் ஆறுதல் சொன்னார்கள். வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களின் சங்கம் ஒன்று, தங்கள் ஆண்டுக் கூட்டத்தில் வந்து ‘செல்லப் பிராணியின் பிரிவு’ பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும் என்று நிபுணரைக் கேட்டது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. பேசப் போகிற சட்டையைக்கூடத் தைக்கக் கொடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. என் கடையில் ஒரு அம்மா முகவாயைக் கருவியில் வைத்து எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார். நிபுணர் உள்ளே வந்தார். கையில் டிபன் பாக்ஸ். பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் பேசாமல் உட்கார்ந்ததே எனக்குப் பகீரென்றது. அந்த அம்மாவை அனுப்பிவிட்டு என்ன என்று கேட்டேன். பின்னறைக்குக் கூட்டிப்போய் மூடியைத் திறந்தார். ஈரத் துணிக்குள் ஒரு நண்டு. பயில்வானைவிட ஒரு சுற்றுப் பெரியது, புதுப் பாத்திரம் மாதிரி மினுமினுத்தது. பயில்வானுக்கு இருந்த மாதிரியே இடது பக்கம் பெரிய கை.

“புதுசா வாங்கினேன் சகலை,” என்றார்.

நான் குனிந்து அந்தப் பெரிய கையைப் பார்த்தேன். கண்ணாடி விற்கிறவனிடம் கண்ணைக் கட்ட முடியாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும்.

“சரி, காலையில கல்லுக்கு அடியிலிருந்து வந்து நிக்குது. அவ டியூட்டிக்குப் போயிட்டா. இன்னும் பார்க்கலை. கூட்டம் பன்னண்டாம் தேதி. அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்.”

“அக்காகிட்ட என்ன சொல்வீங்க?”

“எதுக்குச் சொல்லணும்? அவ சொன்னது சரின்னு ஆயிடுச்சுன்னா, இனிமே எல்லாத்துக்கும் வாயைத் திறப்பா.”

அவர் கூட்டத்துக்குப் பயந்து அதைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. ஆயிரம் பேர் முன்னால் அசடு வழிவதுகூட அவருக்குச் சமாளிக்கிற காரியம்தான். வீட்டுக்குள் ஒருத்தி சொன்னது சரி என்று ஆகிவிடக் கூடாது, அதுதான் அவருக்குத் தாங்க முடியவில்லை.

நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன். ஏன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். இரக்கம் இல்லை. இத்தனை வருஷமாக என்னை உட்கார வைத்துப் பாடம் எடுத்த மனிதரின் குடுமி என் கைக்கு வந்ததே என்கிற சந்தோஷம்தான். லென்ஸ் தேய்க்கிற இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பேசினில், அவர் பாட்டிலில் கொண்டுவந்த தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, ஒரு உடைந்த ஓட்டுத் துண்டைச் சாய்த்து வைத்தேன். மதியம் கடையில் ஆள் இல்லாதபோது போய்ப் பார்ப்பேன். இயந்திரம் ஓடினால் ஓட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். நிறுத்தினால் வெளியே வரும்.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். மனைவி அக்காவிடம் போனில் பேசிவிட்டு அப்போதுதான் வைத்திருந்தாள். முகம் சரியில்லை.

புதனோடு ஒரு வாரம் முடிந்ததாம். அக்கா துணியை எடுத்துவிட்டு, கரண்டியால் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பார்த்திருக்கிறார். பெண் நண்டு இருந்தது, பயில்வான் இல்லை. வலைமூடியைச் சரியாகப் போடாமல் விட்டோமோ என்று டிவி மேஜையை நகர்த்தி, சோபாவுக்கு அடியில் படுத்து, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்துத் தேடியிருக்கிறார். நிபுணர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தபடி, “ஒரு வாரம் ஆச்சு. இனிமேலாவது ஒத்துக்கோ,” என்று சொல்லியிருக்கிறார். அதற்கு அக்கா, ஒருவேளை நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது என்று ஒத்துக்கொண்டிருக்கிறார்.

“இன்னைக்கு டியூட்டியில எல்லா மெஷின்லயும் ரெண்டு ரெண்டு தடவை ரீடிங் பார்த்தாளாம். ‘என் கண்ணு மேலேயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சுடி’ங்கறா. அவ இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை,” என்றாள் என் மனைவி.

கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன். மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை காலையிலேயே கடையைப் பூட்டிவிட்டு, பேசினை ஒரு பைக்குள் நிற்க வைத்து, பஸ்ஸில் மடியில் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் சுற்று முடிந்து இரண்டாவது சுற்று ஆரம்பிக்கும் இடைவெளி. டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே நீண்ட பெஞ்சு. அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தார். யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றுதான் முதலில் கேட்டார். நான் பையின் வாயை விரித்தேன்.

குனிந்து பார்த்தார். நண்டு ஓட்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. அக்கா விரலை நீட்டவில்லை. உதடு அசையக் கால்களை எண்ணினார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நிபுணர் பேசியதையும் அப்படியே சொன்னேன்.

“உங்ககிட்ட எத்தனை நாளா இருக்கு?”

“செவ்வாய்லேர்ந்து. நாலு நாள்.”

“நாலு நாளா.”

உள்ளே ஏதோ ஒரு இயந்திரம் சத்தம் போட்டது. அக்கா தலையைத் திருப்பிக் கேட்டு, அது சாதாரணச் சத்தம்தான் என்று தெரிந்துகொண்டு, என் பக்கம் திரும்பினார்.

“அவரு அப்படித்தான் தம்பி. கல்யாணம் ஆன மறுமாசமே தெரிஞ்சு போச்சு. அவரை விடுங்க. நீங்க ஏன் வாங்கி வெச்சீங்க?”

நிபுணரைப் பார்த்து நான் எத்தனையோ வருஷம் பார்த்த இளக்காரப் பார்வை எல்லாம், அந்த பெஞ்சில் உட்கார்ந்து அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு முன்னால் ஒன்றுமில்லை. அவர் கோபப்படவில்லை. இவ்வளவுதானா நீ என்கிற மாதிரி பார்த்தார், அவ்வளவுதான். பையை வாங்கிக்கொண்டு, தண்ணீர் சோதிக்கிற அறையில் சாயங்காலம் வரை வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

அன்று டைல்ஸ் கடையிலிருந்து நிபுணர் வந்தபோது, கூடத்தில் அவருக்கு நேர் எதிரே பயில்வான் கையை ஆட்டிக்கொண்டிருந்தது. அக்கா சாப்பாடு எடுத்து வைத்தார். அவர் சாப்பிட்டார். நண்டும் ஆட்டிக்கொண்டே இருந்தது. அவரும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை. இரண்டு நாள் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் அவரால் முடியவில்லை.

“அது எப்ப வந்தது?” என்று கேட்டிருக்கிறார்.

“எது?” என்றாராம் அக்கா.

கூட்டத்துக்கு அவர் போக மாட்டார், காய்ச்சல் என்று படுத்துக்கொள்வார் என்று நான் நினைத்தேன். என் சகலையை இத்தனை வருஷம் பார்த்தும் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன். புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனார். மண்டபத்தில் எழுபது எண்பது பேர். நான் பின் வரிசையில் இருந்தேன். மேடையேறி, ஒரு நிமிஷம் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, பயில்வான் சாகவில்லை என்று அறிவித்தார். சலசலப்பு. அந்த இரங்கல் ஒரு பரீட்சை என்றார். நண்டு வளர்ப்பவர்களில் எத்தனை பேருக்கு ஓட்டுக்கும் பிணத்துக்கும் வித்தியாசம் தெரிகிறது என்று பார்க்க வேண்டுமென்றே எழுதினாராம். பல்லாயிரம் பேரில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லையாம். சொல்லும்போது குரலில் உண்மையான வருத்தம் வேறு.

பிறகு பாடம் எடுத்தார். வாடை இருக்காது. காற்று மாதிரி கனமில்லாமல் இருக்கும். முதுகுப் பக்கம் டப்பா மூடி மாதிரித் திறந்திருக்கும். கண்ணின் மேலுள்ள ஓடும் சேர்ந்து கழலும். கழற்றிய ஓட்டைத் தொட்டியிலேயே விட வேண்டும். அக்கா சாப்பாட்டு மேஜையில் நின்று சொன்னதில் ஒரு சொல் மாறவில்லை. கூட்டம் கைதட்டியது. எனக்குப் பக்கத்திலிருந்த பெரியவர் எழுந்து நின்று தட்டினார். அந்த வருஷமே அவரைச் சங்கத்தின் செயலாளர் ஆக்கினார்கள். கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. இவ்வளவு பெரிய பொய்யை ஒருவன் இவ்வளவு நிமிர்ந்து நின்று சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

அந்தப் பேச்சின் வீடியோவை என் மனைவி அக்காவுக்கு அனுப்பினாள். அக்கா முழுக்கப் பார்த்துவிட்டு, சொன்ன விஷயம் எல்லாம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று மட்டும் பதில் போட்டார்.

ஆனால் அன்றிலிருந்து அக்கா அவரிடம் எதையும் சொல்வதை நிறுத்திவிட்டார். சண்டை இல்லை, முகத்தைத் தூக்கிக்கொள்ளவும் இல்லை. சாப்பாடு, துணி, மின்சாரக் கட்டணம் எல்லாவற்றையும் பேசுவார். தெரிந்த விஷயம் ஒன்றை மட்டும் சொல்ல மாட்டார். எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும் என்று அவர் கேட்டால், அட்டையிலேயே எழுதியிருக்கிறது என்பார். இதை அவர் கவனிக்கவே பல மாதம் ஆனது என்று நினைக்கிறேன். பேசிக்கொண்டிருக்கிறவருக்கு மற்றவர் பேசுவதை நிறுத்தியது எப்படித் தெரியும்?

எனக்கு அது தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சங்கத்திலிருந்து நான்கு பேர் தொட்டியைப் பார்க்க வந்திருந்தார்கள். நாங்களும் போயிருந்தோம். நிபுணர் நடுவில் நின்று அளந்துகொண்டிருந்தார். அதற்குள் இன்னும் இரண்டு பெண் நண்டுகள் சேர்ந்திருந்தன, மணல் முழுக்க வளைகள். வந்தவர்களில் ஒரு தையல்காரப் பெண், புதிதாக ஆறு நண்டு வாங்கியிருக்கிறாராம், கையில் சின்ன நோட்டு. எல்லாம் எழுதிக்கொண்டே வந்தவர், ஒரு லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டார்.

நிபுணர் பழக்கதோஷத்தில் திரும்பி, “எவ்வளவு போடறோம்?” என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா டீ டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். “எனக்கென்னங்க தெரியும், நீங்கதானே பார்த்துக்கறீங்க,” என்றார். குரலில் ஒன்றும் இல்லை. அவ்வளவு மரியாதையாக ஒரு மனிதரைக் குழிக்குள் இறக்கி நான் பார்த்ததில்லை.

நிபுணர் தொண்டையைக் கனைத்தார். தொட்டியைப் பார்த்தார். பயில்வானைப் பார்த்தார். “லிட்டருக்கு ரெண்டு கிராம். சமையல் உப்பே போதும், எல்லாம் கம்பெனிக்காரன் ஏமாத்து வேலை,” என்றார். அந்தப் பெண் அதை எழுதி, அடியில் கோடு வேறு போட்டார்.

அவர்கள் கிளம்பியபோது வழியனுப்ப நானும் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். மாடிப்படித் திருப்பத்தில் அக்கா அந்தத் தையல்காரப் பெண்ணை நிறுத்தி வைத்திருந்தார். மற்ற மூவரும் கீழே போய்விட்டார்கள். அக்கா அவர் கையிலிருந்து நோட்டை வாங்கி, இரண்டு கிராம் என்பதை அடித்துவிட்டு, பதினெட்டு என்று எழுதினார்.

“சமையல் உப்பு வேண்டாம்மா. கடல் மீனுக்குன்னு கேட்டு வாங்குங்க. தண்ணியை ரெண்டு நாள் திறந்து வெச்சிட்டு அப்புறம் கலங்க. எடை போட்டுப் போடுங்க, கண்ணால அளக்காதீங்க.”

“சார் வேற மாதிரி சொன்னாரே?” என்றார் அந்தப் பெண்.

“சாரு மறந்து போய்ச் சொல்லிட்டாரு,” என்றார் அக்கா. “ஆறு உசிரு இருக்கில்ல?”

என்னைப் பார்த்தார். வழிவிட்டு ஒதுங்கினார். நான் இறங்கி வந்தேன். மேலே கூடத்தில் நிபுணர் என் மனைவியை உட்கார வைத்து, அடுத்ததாகத் தான் வாங்கப் போகிற வானிலைக் கருவியைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பது படி வரைக்கும் கேட்டது.